டேப்லெட் கெட்டதா, செட்டிங் மாறியதா, கை தடுமாறுகிறதா: டிஜிட்டல் ஓவியக் கோளாறுகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

"அண்ணே, டேப்லெட் செத்துப்போச்சு" என்று போன் வருவது எனக்குப் பழகிவிட்டது. பகலில் கணக்கு எழுதும் வேலை, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படம் வரைவது என்று ஓடுகிறது வாழ்க்கை. சேர்ந்து வரையும் எங்கள் சின்னக் கூட்டத்தில் பேனா டேப்லெட்டை, அதாவது கணினியோடு மாட்டிப் பேனாவால் வரையும் பலகையை, முதலில் வாங்கியவன் நான். அதனாலேயே மெக்கானிக் வேலையும் என் தலையில் விழுந்தது. இதுவரை என் மேசைக்கு வந்தவற்றில் உண்மையிலேயே செத்துப்போனவை இரண்டுதான். மற்றதெல்லாம் கேபிள், செட்டிங், பேனா முனையில் இருக்கும் தேய்ந்த நிப். சில சமயம் வரைகிறவரின் கை.

திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன். திரை இல்லாத, யூஎஸ்பியில் மாட்டும் சாதாரண பேனா டேப்லெட்டை மனதில் வைத்து எழுதியது இது. மென்பொருள் என்று வரும்போது கிரிட்டாவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இலவசம், எங்களில் பாதிப் பேர் அதில்தான் வரைகிறார்கள். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

## எதற்கும் முன்: இரண்டு நிமிடச் சோதனை

டேப்லெட்டையும் கணினியையும் பேச வைக்கும் டிரைவர் மென்பொருளைத் திறந்தால், பேனாவின் அழுத்தத்தைச் சோதிக்கும் ஒரு பெட்டி அநேகமாக எல்லாத் தயாரிப்பிலும் இருக்கும். அதில் கிறுக்கிப் பாருங்கள்.

அங்கே கோடு மெல்லியதும் தடித்ததுமாக ஒழுங்காக வருகிறது, கிரிட்டாவில் மட்டும் வரவில்லை என்றால் டேப்லெட் நலம், கோளாறு மென்பொருள் செட்டிங்கில். அங்கேயே வரவில்லை என்றால் டிரைவர், கேபிள், பேனா மூன்றில் ஒன்று. நண்பரின் லேப்டாப்பில் மாட்டியும் அதே கோளாறு வந்தால் கேபிள் அல்லது கருவி. அங்கே ஓடுகிறது என்றால் உங்கள் கணினியைப் பாருங்கள்.

டிரைவரிலும் சரி, கிரிட்டாவிலும் சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தும் படம் மட்டும் கோணலாக வருகிறதா? அதற்கும் கீழே தலைப்பு இருக்கிறது.

## அறிகுறி: மாட்டினால் கணினி கண்டுகொள்ளவே இல்லை

விளக்கே எரியவில்லை. கேபிளின் முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சில டேப்லெட்டுகளில் சொருகும் துளை உடலுக்குள் குழிவாக இருக்கும். போன் கேபிளின் பருத்த முனை அந்தக் குழியில் பாதிதான் இறங்கும். அடுத்து, லேப்டாப்பின் வேறு போர்ட். யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக மாட்டுங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளைக்கு மாற்றுங்கள். கேபினட்டின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு வயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகின்றன, அந்த வயர் லூசாக இருப்பது சகஜம்.

விளக்கு எரிகிறது, ஆனால் கர்சர் அசையவில்லை. முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு, அவற்றில் தகவல் போகும் கம்பியே கிடையாது. டேப்லெட்டுக்கு மின்சாரம் கிடைப்பதால் விளக்கு எரியும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒருமுறை தங்கை மகன் கேபிளை மாற்றி எடுத்துப்போய்விட்டான். டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டு ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தேன். சோதனை சுலபம். அதே கேபிளில் போனைக் கணினியோடு மாட்டிப் படங்களை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். போன் சார்ஜ் மட்டும் ஏறினால் குற்றவாளி அகப்பட்டான்.

கேபிளும் சரிதான். இப்போது டிரைவர். முன்பு வேறு நிறுவன டேப்லெட் வைத்திருந்தீர்களா? பழைய டிரைவரும் புதியதும் ஒரே கணினியில் இருந்தால் மாமியார் மருமகள் கதைதான். இரண்டையும் நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்து ஏற்றி, உங்கள் மாடலுக்கான புதிய டிரைவரை மட்டும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் போடுங்கள். பெட்டியோடு குறுந்தகடு வந்திருந்தால் அதை நம்ப வேண்டாம், அதில் இருப்பது பழையதாக இருக்கும்.

மேக் கணினி. 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'அக்சசிபிலிட்டி', 'இன்புட் மானிட்டரிங்' என்ற இரண்டு இடங்களிலும் டேப்லெட்டின் டிரைவருக்கு அனுமதி வேண்டும். டிரைவரைப் புதுப்பித்த பிறகு, அனுமதி இருப்பது போலக் காட்டும், ஆனால் வேலை செய்யாது. பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகும்.

போனில் மாட்டினால் டேப்லெட்டில் பாதிதான் வேலை செய்கிறது. பெரும்பாலும் கோளாறு இல்லை. போன் திரை நெட்டையானது, அதனால் பல டேப்லெட்டுகள் போனில் மாட்டும்போது ஓரத்தில் ஒரு சிறு செவ்வகத்தை மட்டுமே பயன்படுத்தும்படி செய்யப்பட்டவை. உங்கள் மாடல் கையேட்டில் அந்தப் பகுதி குறிக்கப்பட்டிருக்கும்.

எப்போது கடைக்கு: கேபிளை மாற்றிய பிறகும், முனையை ஆட்டினால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது என்றால் சொருகும் துளையின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் டேப்லெட்டைத் திறக்கவே கூடாது, வாங்கிய இடத்துக்கு அனுப்புங்கள். முடிந்திருந்தால், போன் சார்ஜிங் துளை மாற்றும் கைத்தேர்ந்த கடைக்காரர் இதையும் செய்துவிடுவார். வேலை ஒன்றுதான். வீட்டில் சால்டரிங் கம்பியைச் சூடேற்றி நீங்களே முயல வேண்டாம். என்னிடம் வந்த இரண்டு பிணங்களில் ஒன்று அப்படி வந்ததுதான்.

## அறிகுறி: கோடு விழுகிறது, ஆனால் எங்கும் ஒரே தடிமன்

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அழுத்தினாலும் தடவினாலும் மார்க்கரில் போட்டது போல ஒரே கோடு.

பிரஷ்தான் அப்படியா? எல்லா பிரஷும் அழுத்தத்தைக் கேட்பதில்லை. கிரிட்டாவில் 'பேசிக்-5 சைஸ்' என்ற பிரஷை எடுத்து ஒரு கோடு இழுங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப அளவு மாறும் பிரஷ் அது. அதில் மாறுகிறது என்றால் கோளாறே இல்லை, வேறு பிரஷ் எடுத்திருக்கிறீர்கள். போட்டோஷாப்பில் என்றால் பிரஷ் செட்டிங்ஸில் 'ஷேப் டைனமிக்ஸ்' பகுதியில் அளவைக் கட்டுப்படுத்துவது 'பென் பிரஷர்' என்று இருக்கிறதா பாருங்கள்.

அழுத்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா? பேனா அழுத்தத்தை மொத்தமாக அணைத்துப் போட கிரிட்டாவில் ஒரு பொத்தான் உண்டு. தெரியாமல் கை பட்டிருக்கும். இதைச் சொன்னதும் போனில் ஒரு நீண்ட மௌனம், அப்புறம் "சரி அண்ணே, வச்சிடறேன்." நான்கைந்து முறை நடந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே மொழி பேசுகிறதா? விண்டோஸில் பேனா தகவல் மென்பொருளுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று விண்டேப், பழையது. இன்னொன்று விண்டோஸ் இங்க். டிரைவர் ஒரு வழியில் அனுப்பி, மென்பொருள் இன்னொரு வழியில் காத்திருந்தால் கர்சர் நகரும், கோடு விழும், அழுத்தம் மட்டும் வராது. ஆகவே இரண்டு இடத்திலும் பாருங்கள். டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' என்ற கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கிறதா? கிரிட்டாவில் 'கான்ஃபிகர் கிரிட்டா' திறந்து 'டேப்லெட் செட்டிங்ஸ்' பகுதியில் எது தேர்வாகியிருக்கிறது? மாற்றினால் கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மாறாது. அதே பகுதியில் டேப்லெட்டைச் சோதிக்கும் ஒரு சாளரமும் இருக்கிறது.

போட்டோஷாப்பும் கிரிட்டாவும் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு: டிரைவரில் விண்டோஸ் இங்க்கை டிக் செய்தே வையுங்கள், கிரிட்டாவிலும் அதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் போட்டோஷாப் இயல்பாக எதிர்பார்ப்பது அதைத்தான். தினமும் ஒன்றை மாற்றி மாற்றி வைப்பது தலைவலி.

கணினி தூங்கி எழுந்ததா? லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டுப் போய், காபி குடித்து வந்து திறந்தால் அழுத்தம் போயிருக்கும். டேப்லெட்டைக் கழற்றி மாட்டுங்கள், பிறகு ஓவிய மென்பொருளைத் திறங்கள். இந்த வரிசை முக்கியம். டேப்லெட் முதலில், மென்பொருள் அப்புறம்.

அழுத்தம் வருகிறது, ஆனால் பலமாக அழுத்தினால்தான். டிரைவரில் அழுத்த வளைகோடு ஒன்று இருக்கும். அதை மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வரைகிறவர்கள் நிறையப் பேர். கடைசியில் கை வலியில் போய் நிற்கும், அதற்கும் கீழே தலைப்பு இருக்கிறது.

பேனா. சார்ஜ் ஏற்ற வேண்டிய பேனாவா, பேட்டரி போடும் பேனாவா, சார்ஜும் பேட்டரியும் வேண்டாத பேனாவா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் விடை எளிது. மூன்றாவது வகை என்றால், அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது பேனாவைக் கடன் வாங்கிச் சோதிப்பதுதான் ஒரே வழி. அதே மாடல் என்பதைக் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் பேனா இன்னொரு நிறுவனத்தின் டேப்லெட்டில் பொதுவாக வேலை செய்யாது, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மாடல் மாறினால் ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. கடன் பேனாவில் அழுத்தம் வந்துவிட்டால், உங்கள் பேனாவுக்கு ரிப்பேர் என்று தேடி அலையாதீர்கள். அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. புதியது வாங்க வேண்டியதுதான்.

## அறிகுறி: பேனா தொடுவதற்கு முன்பே கோடு விழுகிறது

பேனாவை மேலே காட்டினாலே திரையில் மை சிந்துகிறது. ஐகான்கள் தானாக இழுபடுகின்றன. பேய் பிடித்தது போல இருக்கும்.

நிப்பை வெளியே எடுங்கள். டேப்லெட்டோடு வந்த சின்ன வளையத்தில் நிப்பை நுழைத்து, சாய்த்து இழுத்தால் வந்துவிடும். பல்லால் கடித்து இழுக்க வேண்டாம், அப்படிச் செய்தவரை எனக்குத் தெரியும். நிப் இல்லாமல் பேனாவை மேலே காட்டுங்கள். கோடு நின்றுவிட்டதா? அப்படியானால் நிப் உள்ளே சிக்கியிருந்திருக்கிறது, அல்லது துளையில் தூசி. துளையை வாயால் ஊதாமல் கேமரா லென்சுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், எச்சில் ஈரம் உள்ளே போகக் கூடாது. புதிய நிப்பை விரலால் மெதுவாகத் தள்ளுங்கள், உள்ளே போய் நின்றதும் விட்டுவிடுங்கள். மேலும் அழுத்தினால் மறுபடி சிக்கும். லூசாக இருக்கிறதே என்று ஒரு துளி ஃபெவிக்விக் விட்டவர் பேனாவோடு வந்தார். அவருக்கு ஆறுதல் மட்டும்தான் சொல்ல முடிந்தது.

நிப் இல்லாமலும் கோடு விழுகிறது என்றால் உள்ளிருக்கும் அழுத்த உணரி போய்விட்டது. பேனா மூக்கு குத்தும்படி தரையில் விழுந்தால் இது நடக்கும். டிரைவரில் அழுத்தம் தொடங்கும் புள்ளியைக் கொஞ்சம் உயர்த்திச் சில வாரம் ஓட்டலாம். ஆனால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். புதிய பேனாவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள், டேப்லெட்டை மாற்ற வேண்டியதில்லை.

## அறிகுறி: வட்டம் போட்டால் முட்டை வருகிறது

மனித முகங்கள் எல்லாம் அகலமாக வருகின்றன என்று ஒரு பெண் ஆறு மாதம் உடற்கூறுப் பயிற்சி செய்தார். அவர் கை மேல் ஒரு குற்றமும் இல்லை.

சோதனைக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். டேப்லெட் மேல் கவிழ்த்து வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவை ஓட்டுங்கள். திரையில் வருவது வட்டமா, முட்டையா? முட்டை என்றால் டேப்லெட்டின் அளவு விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை.

கணக்கைப் பாருங்கள். 10 அங்குல அகலமும் 6.25 அங்குல உயரமும் உள்ள டேப்லெட்டின் விகிதம் 16க்கு 10. உங்கள் திரை 1920க்கு 1080 புள்ளிகள் என்றால் அதன் விகிதம் 16க்கு 9. முழு டேப்லெட்டையும் முழுத் திரைக்கும் விரித்துப் போட்டால் எல்லாமே சுமார் 11 சதவீதம் அகலமாகிவிடும். முகத்தில் 11 சதவீதம் என்பது ஆளையே மாற்றிவிடும். டிரைவரில் வேலைப் பகுதி என்ற இடத்துக்குப் போய், விகிதத்தைத் திரையோடு பொருத்தும் பொத்தானை அழுத்துங்கள். டேப்லெட்டின் உயரத்தில் 0.625 அங்குலம் பயன்படாமல் போகும், போகட்டும்.

முட்டை படு மோசமாக, படுத்த பூசணிக்காய் போல இருக்கிறதா? இரண்டு திரைகள் மாட்டியிருக்கிறீர்கள், டேப்லெட் இரண்டையும் சேர்த்து ஒரே திரையாக நினைக்கிறது. டிரைவரில் வரையும் திரையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அலுவலகத்திலிருந்து லேப்டாப்பைக் கொண்டு வந்து வீட்டு டிவியில் மாட்டிய அன்று இது திடீரென வரும்.

இதில் தொழில்முறை ஆள் யாரும் தேவையில்லை.

## அறிகுறி: கோடு நடுங்குகிறது

கையா கருவியா என்று முதலில் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறான மருந்துக்குப் பணம் போகும். ஒரு ஸ்கேலை டேப்லெட் மேல் சாய்வாக வைத்து, அதன் ஓரத்தில் பேனாவை மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். உலோக ஸ்கேல் வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

ஸ்கேலோடு நேராக வருகிறது, ஸ்கேல் இல்லாமல் இழுத்தால் நடுங்குகிறது. கைதான். மணிக்கட்டை ஊன்றி விரலால் இழுக்கிறீர்கள். நீளமான கோட்டுக்கு முழங்கையும் தோளும் நகர வேண்டும். சிக்குக் கோலம் போடும் பாட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? மாவு விழும் இடத்தை முறைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், கண் அடுத்த புள்ளியில் இருக்கும், கை ஒரே இழுப்பில் போய்ச் சேரும். டேப்லெட்டிலும் அதேதான். தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் வையுங்கள், முடியும் புள்ளியைப் பார்த்தபடி இழுங்கள். தப்பினால் அன்டூ, மறுபடி. தினம் பத்து நிமிடம் இப்படி இழுத்தால் போதும், சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

கிரிட்டாவில் கோட்டை மென்மையாக்கும் வசதி பிரஷின் 'டூல் ஆப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கிறது. 'ஸ்டெபிலைசர்' என்பது அதில் வலிமையானது. கொஞ்சமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. முழுதாக ஏற்றினால் கோடு பேனாவுக்குப் பின்னால் மாட்டு வண்டி போல வரும், அப்புறம் "லேக் அடிக்கிறது" என்று என்னைக் கூப்பிடுவீர்கள்.

ஸ்கேலோடும் நடுங்குகிறது, அலை அலையாக, ஒரே இடைவெளியில். இது கருவி. மெதுவாக இழுக்கும் சாய்வுக் கோடுகளில் இந்த அலை மலிவான டேப்லெட்டுகளில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வேகமாக இழுத்தால் மறைகிறது என்றால் விட்டுவிடுங்கள். நேற்று வரை இல்லாமல் இன்று வந்தது என்றால் கீழே படியுங்கள்.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் நடுங்குகிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் காரணம் மின்சாரத்தின் இரைச்சல். டேப்லெட்டை லேப்டாப்பின் மேல் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும் போனைப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் துளையில் நேராகப் போடுங்கள்.

லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் விரலில் லேசான ஷாக் போல உறுத்துகிறதா? மூன்று பின் துளையில் நேராகப் போட்ட பிறகும் உறுத்துகிறதா? அப்படியானால் டேப்லெட்டை மறந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்றாவது துளை சுவரில் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. பழைய வாடகை வீடுகளில் இது சாதாரணம். அவர் வந்து பார்க்கும் வரை அந்தத் துளையைப் பயன்படுத்த வேண்டாம்.

நிப். நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உளி போல ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அந்தக் கூர்முனை டேப்லெட்டின் பரப்பையும் கீறும், கீறிய பள்ளத்தில் பேனா தடுக்கும், அதுவும் நடுக்கமாகத் தெரியும்.

## அறிகுறி: சின்னச் சின்னக் கோடுகள் காணாமல் போகின்றன, பேனாவைச் சுற்றி வளையம் வருகிறது

புள்ளி வைக்கப் போனால் ஒரு வட்டம் சுழன்று, வலது கிளிக் மெனு திறக்கிறது. இது விண்டோஸ் உங்களுக்குச் செய்யும் உதவி. 'கன்ட்ரோல் பேனல்' உள்ளே 'பென் அண்ட் டச்' திறந்து, 'பிரஸ் அண்ட் ஹோல்ட்' என்பதன் செட்டிங்கில் வலது கிளிக்கை அணையுங்கள். அப்படியும் மெனு தானாகத் திறந்தால் பேனாவின் பக்கவாட்டுப் பொத்தானை உங்கள் கட்டைவிரல் அழுத்துகிறது. டிரைவரில் அந்தப் பொத்தானை வேலையில்லாமல் செய்துவிடுங்கள். நான் இரண்டையும் அணைத்தே வைத்திருக்கிறேன்.

## அறிகுறி: கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதமாக வருகிறது

முதலில் ஸ்டெபிலைசரை அணையுங்கள். லேப்டாப் மின்சாரம் சேமிக்கும் நிலையில் இருந்தால் மாற்றுங்கள். அப்புறம் கேன்வாஸின் அளவு.

ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480க்கு 3508 புள்ளிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் கண்ணாடித் தாள் போன்றது லேயர். ஒரு முழு லேயருக்கு நினைவகத்தில் சுமார் 35 எம்பி. "தரமா இருக்கட்டும்" என்று 600 டிபிஐ போட்டால் புள்ளிகள் நான்கு மடங்கு, ஒரு லேயருக்குக் கிட்டத்தட்ட 140 எம்பி. 16 பிட் வண்ணத்தையும் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் இரண்டு மடங்கு. முப்பது லேயர் போட்டால் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் மூச்சு வாங்குவது அதன் குற்றமில்லை. பொழுதுபோக்குக்கு வரைபவர்களுக்கு ஏ4, 300 டிபிஐ, 8 பிட் தாராளம். முடிந்த லேயர்களைச் சேர்த்துவிடுங்கள்.

பிரஷையும் சந்தேகியுங்கள். நீர்வண்ணம் போலக் கலக்கும் பிரஷை 1000 புள்ளி அகலத்துக்கு ஏற்றினால் எந்தக் கணினியும் திணறும். சாதாரண பிரஷில் வேகமாக இருக்கிறது, அதில் மட்டும் மெதுவாக இருக்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது.

காசு செலவழிக்கும் முன்: வரைந்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். நிரம்பி வழிந்தால் மட்டும் ராம் சேர்ப்பதில் பயன் உண்டு. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், சேர்க்க இடமே இருக்காது. உங்கள் மாடலில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

## அறிகுறி: என் திரையில் ஒரு நிறம், மற்றவர்களிடம் வேறு நிறம்

எல்லாரிடமும் நீலம் தூக்கலாக இருக்கிறது என்கிறார்கள். இரவில் வரைந்தீர்களா? கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' வசதி ஓடிக்கொண்டிருக்கும். அந்த மஞ்சளை ஈடுகட்ட நீங்கள் நீலத்தைக் கூட்டிப் போட்டிருப்பீர்கள். நிறம் தீட்டும்போது அதை அணைத்துவிடுங்கள். போனில் வரைபவர்கள், திரையின் வண்ண அமைப்பு பளிச்சென்ற நிலையில் இருந்தால் இயல்பான நிலைக்கு மாற்றுங்கள்.

இணையத்தில் ஏற்றியதும் வெளுத்துவிடுகிறது. ஏற்றுமதி செய்யும்போது வண்ண விவரத்தை, இணையத்தில் பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி ஆக மாற்றிச் சேமியுங்கள். அகலமான வண்ண வெளியில் வரைந்த படத்தை அதன் விவரம் இல்லாமல் ஏற்றினால் உயிர் போய்விடும். வாட்ஸாப்பில் அனுப்பியபின் மங்கல் என்றால் நிறத்தைக் குறை சொல்லாதீர்கள், படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

அச்சில் நிறம் செத்துவிட்டது. கிருஷ்ண ஜெயந்திக்கு ஒரு படம் வரைந்து அச்சடிக்கக் கொடுத்தேன். கண்ணனுக்குப் போட்ட பளீர் நீலம் கத்தரிக்காய் நிறத்தில் வந்து நின்றது. கடைக்காரர் மேல் கோபம் வந்தது, ஆனால் தவறு அவருடையதல்ல. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. பளீர் நீலம், கிளிப்பச்சை, மின்னும் இளஞ்சிவப்பு இவையெல்லாம் அந்த நான்கு மைகளுக்கு எட்டாது. கிரிட்டாவில் 'சாஃப்ட் புரூஃபிங்' என்று ஒரு வசதி உண்டு, அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே தோராயமாகக் காட்டும். அதை நம்பினாலும், முழு எண்ணிக்கைக்கும் ஒப்புக்கொடுக்கும் முன் ஒரே ஒரு தாள் மாதிரி கேளுங்கள். நூறு அழைப்பிதழ் அடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், கடையின் டிசைனரிடம் நிறமாற்றத்தை ஒப்படையுங்கள். அவர் அச்சு இயந்திரம் அவருக்குத்தான் தெரியும்.

அச்சில் மங்கல். 1080 புள்ளி அகலத்தில் வரைந்ததை ஏ4 அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 130 புள்ளிதான் கிடைக்கும். பின்னால் பெரிதாக்கிப் பயனில்லை. அடுத்த படத்தைத் தொடங்கும்போதே பெரிதாகத் திறங்கள்.

## அறிகுறி: வரையும்போது அழகு, மறுநாள் பார்த்தால் கோணல்

கிரிட்டாவில் எம் விசையை அழுத்துங்கள், படம் இடவலம் திரும்பும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே என்று அப்போது தெரியும். எல்லார் படத்திலும் இப்படித் தெரியும், என் படத்திலும்தான்.

ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்றால் டேப்லெட் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக் கோடு இழுங்கள். ஐந்து முறை. ஐந்தும் ஒரே பக்கம் ஏறுகிறது என்றால் டேப்லெட் திரைக்கு இணையாக இல்லை. கீபோர்டுக்கு இடம் விட்டு டேப்லெட்டை ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பீர்கள். அதைத் திரைக்கு நேர் கீழே நடுவில் வையுங்கள், கீபோர்டு ஓரம் போகட்டும். முட்டை முகப் பெண்மணி இந்த ஒன்றையும் சரி செய்த பிறகு வரைந்த முகங்களை நான் பார்த்தேன். ஆறு மாதப் பயிற்சி வீண் போகவில்லை, அது அங்கேயே இருந்திருக்கிறது.

## அறிகுறி: கை வலிக்கிறது

வரைந்து முடித்ததும் வலி, மறுநாள் இல்லை. பேனாவை நெரிக்கிறீர்கள். மேலே சொன்ன அழுத்த வளைகோட்டை மென்மையாக்குங்கள். மெல்லிய பேனா என்றால் பென்சிலுக்கு மாட்டும் ரப்பர் பிடியை மாட்டிப் பருமனாக்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள். முழங்கை மேசையில் ஊன்றும் உயரத்தில் நாற்காலி இருக்கட்டும், கட்டிலில் சாய்ந்து மடியில் வைத்து வரைவதை நிறுத்துங்கள்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் மரமரப்பு, இரவில் அதனால் விழிப்பு வருகிறது. மணிக்கட்டில் நரம்பு அழுந்தும்போது இப்படி வரும். செட்டிங்கை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். சில நாள் வரைவதை நிறுத்தியும் போகவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். கையிலிருந்து பொருள் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது என்றால் காத்திருக்கவே வேண்டாம், அந்த வாரமே போங்கள். மருந்துக் கடையில் மணிக்கட்டுப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு தொடர்ந்து வரைந்த நண்பர் ஒருவர் அப்புறம் மூன்று மாதம் பேனாவைத் தொடவில்லை.

மருத்துவரிடம் போகும்போது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வரைகிறீர்கள், அலுவலகத்தில் எத்தனை மணி நேரம் மவுஸ் பிடிக்கிறீர்கள், இரண்டையும் சொல்லுங்கள்.